பாடாமல் விட்ட வரி

"எங்கம்மாகிட்ட பாட்டத் திருப்பிக் குடுங்க, பாஸ்டர். இன்னிக்கு ஆராதனையிலேயே குடுங்க."

இந்த ஒன்றை மட்டும் கேட்கவே கூடாது என்று ரோகினியின் அம்மா பஞ்சாலை மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சோறு போடும்போதும் சொன்னாள், துணி காயப்போடும்போதும் சொன்னாள். "எனக்காக நீ போயி யாருகிட்டயும் ஒன்னும் கேக்காத. கேட்டேன்னு என் காதுல விழுந்துச்சு, அப்புறம் எங்கூடப் பேச வராத." ரோகினியும் சரி சரி என்று தலையாட்டினாள். தலையாட்டிவிட்டுச் சும்மா இருக்கிற ரகம் இல்லை அவள். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு இருபதுக்கு, தம்பின் டவுனில் டயர் கடைக்கு மேலே இருக்கும் சபையின் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறி, பலகை வைத்துத் தடுத்த பாஸ்டர் அறைக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக அதைத்தான் கேட்டாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

பாஸ்டர் திருச்செல்வம் கையிலிருந்த மைலோக் கோப்பையை மேசையில் வைத்தார். ஐம்பது வயது மனிதர். ஒருகாலத்தில் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். யாராவது கத்தினால் தன் குரலை இன்னும் தணித்துக்கொள்வார். அது ரோகினிக்கு எரிச்சலை இரண்டு மடங்காக்கும்.

"ஒக்காரும்மா."

"நிக்கிறேன் பாஸ்டர். ஒன்பது மணிக்கு ஆராதன. பேசி முடிக்க நாப்பது நிமிஷம் இருக்கு."

"ஒங்கம்மா அனுப்புனாங்களா?"

"அவங்க அனுப்புவாங்களா? நான் இங்க நிக்கிறது தெரிஞ்சா இன்னிக்கு எனக்குச் சோறு கெடையாது."

இந்தச் சபை தம்பினில் பிறந்தது அல்ல. பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, புக்கிட் செராய் தோட்டத்தில், வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடமாக இருந்து, பிள்ளைகள் குறைந்துபோய் மூடிக்கிடந்த ஆயாக் கொட்டகையில் பிறந்தது. அங்கே கூடிய இருபது இருபத்தைந்து பேரில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவர்கள் மூன்று பேர் இருந்திருக்கலாம். மற்றவர்களுக்குப் பாட்டுப் புத்தகமும் செங்கல்லும் ஒன்றுதான். அப்போது வந்துகொண்டிருந்த பழைய பாஸ்டர் ஒரு வழி கண்டுபிடித்தார். செம்பனைக் காட்டில், எண்ணெய்ப் பனையிலிருந்து உதிர்ந்த பழம் பொறுக்கும் வேலை செய்த பஞ்சாலைக்கு ஒரு பாட்டை ஒரு தடவை கேட்டால் போதும், அப்படியே நெஞ்சில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே அவளுக்குப் பாட்டைச் சொல்லிக் கொடுத்தார். அவள் முன்னால் நின்று ஒரு வரி பாடுவாள். மொத்தக் கூட்டமும் அந்த வரியை வாங்கித் திருப்பிப் பாடும். பிறகு அடுத்த வரி. ஒரு பாட்டு முடியக் கால் மணி நேரமாகும். யாருக்கும் அவசரமில்லை. அதற்குப் 'பாட்டு எடுத்துக் குடுக்குறது' என்று பெயர். இருபத்திரண்டு வருடம் பஞ்சாலை எடுத்துக் கொடுத்தாள்.

கொட்டகையை இடித்துவிட்டு தோட்ட நிர்வாகம் வெளிநாட்டுத் தொழிலாளிகளுக்கு வீடு கட்டியபோது சபை தம்பினுக்கு, இந்தக் கடைவீட்டு மாடிக்கு வந்தது. டவுன்காரர்கள் சேர்ந்தார்கள். கீபோர்டு வந்தது, டிரம் வந்தது. பிறகு ஸ்லைடு வந்தது.

ஸ்லைடைக் கொண்டுவந்தது ரோகினிதான். அந்தத் தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் அவள். ஒரு செமஸ்டர் விடுமுறையில் உட்கார்ந்து இருநூறு பாட்டைத் தட்டச்சு செய்து, சீனப்பள்ளி போய்த் தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்காக ஒவ்வொரு வரிக்கும் கீழே ரோமன் எழுத்திலும் போட்டு, சுவரில் பளிச்சென்று விழவைத்தாள். சபையே கைதட்டியது. பஞ்சாலையும் தட்டினாள். பழக்கத்துக்காக முதல் பாட்டு மட்டும் அவளிடம் மிஞ்சியது. மற்றதெல்லாம் சுவருக்குப் போனது. இப்போது ரோகினி சிரம்பானில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு வேலையில் இருக்கிறாள். வாரம் முழுக்க ரயிலில் போய் வருகிறாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் லேப்டாப் முன்னால் உட்கார்கிறாள்.

மூன்று வாரத்துக்கு முன்பு மிஞ்சிய அந்த முதல் பாட்டும் போய்விட்டது.

"நான் வேணும்னு எடுக்கலம்மா," என்றார் பாஸ்டர். "தலைமைச் சபை போட்ட சட்டம். மேடையில நிக்கிறவங்க எல்லாரும் வளர்ச்சிப் பாடம் முடிச்சிருக்கணும். பன்னெண்டு பாடம், ஒரு புத்தகம். ஒங்கம்மா புத்தகத்துல என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியறதவிட ஒனக்கு நல்லாத் தெரியும்."

தெரியும். அது தெரிந்ததுதான் அவள் கோபத்துக்குப் பாதிக் காரணம்.

பஞ்சாலைக்கு எழுதத் தெரியாது என்பதால் ரோகினி கேள்வியை வாசிப்பாள், அம்மா பதில் சொல்வாள், ரோகினி எழுதுவாள். பாஸ்டரே அனுமதித்த ஏற்பாடு. ஆறு பாடம் ஒழுங்காகப் போனது. ஏழாவது பாடத்தில் ஒரு கேள்வி: 'உங்கள் ஆவிக்குரிய வளர்ச்சிக்கு ஆராதனை எவ்வாறு உதவியது? ஓர் எடுத்துக்காட்டுடன் எழுதுக.' அன்று பஞ்சாலை சமையலறைத் தரையில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். கிள்ளிக்கொண்டே சொன்னாள்.

"வள்ளியம்மாவ எழுது."

"வள்ளியம்மா அத்தையவா? கேள்வி ஆராதனையப் பத்திம்மா."

"அதத்தான் சொல்றேன். அவ என்னப் பத்தி வேல வாங்குற மண்டோர்கிட்ட போட்டுக் குடுத்தா. பச்சக் காயையும் பொறுக்கிச் சாக்குல போடறேன்னு. என்னத் தூக்கிப் பள்ளத்துக் காட்டுல போட்டாங்க. முழங்கால் வரைக்கும் சேறு. ரெண்டு வருஷம் அவ மூஞ்சில முழிக்கல நான். அப்ப கொட்டாயில ஒரு பாட்டு. 'பகை ஒன்றும் என்னிடத்தில் இல்லை ஐயா'ன்னு ஒரு வரி. மத்த வரியெல்லாம் குடுத்துட்டேன். அந்த வரி வரும்போது தொண்டையில சிக்கிக்கிச்சு. தாண்டிட்டேன். அடுத்த வாரமும் தாண்டிட்டேன்."

"ஏன்?"

"ஏன்னா? நான் குடுக்குற வரியத்தானடி அவ்ளோ பேரும் வாயில வாங்குறாங்க? சும்மா பாடறவளா இருந்தா பாடிட்டுப் போயிருப்பேன். நானே செய்யாதத அவங்க வாயில எப்புடி வைக்கிறது? மூணாவது வாரம் ஆராதன முடிஞ்சு கெளம்புறேன், பின்னாலேர்ந்து வள்ளியம்மாவே கேக்குறா. 'ஏன்டி, மூணு வாரமா அந்த வரிய முழுங்குற? எனக்கு அந்தப் பாட்டுல அதுதான் புடிக்கும்'னு."

ரோகினிக்கு அன்று சிரிப்பு வந்தது. "நீ என்ன சொன்ன?"

"என்னத்தச் சொல்றது? வந்துட்டேன். சனிக்கெழம வேல முடிஞ்சு மேலு கழுவிட்டு அவ வீட்டுக்குப் போனேன். எறா பிளாச்சான் வறுத்துக்கிட்டு இருந்தா. நான் ஒக்காந்து வெங்காயம் உரிச்சேன். அதப் பத்தி அவளும் பேசல, நானும் பேசல. மறுநாள் வரியக் குடுத்தேன். அவ்ளோதான். எழுதிக்க."

ரோகினி எழுதவில்லை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். மண்டோர், பிளாச்சான், வெங்காயம். தலைமைச் சபையிலிருந்து வந்து இதைத் திருத்துகிற கோட்டுப் போட்ட மனிதர் என்ன நினைப்பார்? தோட்டத்துப் பொம்பளை, கேள்வியே புரியவில்லை என்று நினைப்பார். அவர் அப்படி நினைக்க விடக்கூடாது. ஆகவே தன் சொந்தப் புத்தகத்தில் அதே கேள்விக்கு எழுதியிருந்த பதிலை எடுத்து, இரண்டு மூன்று சொற்களை மாற்றி அம்மாவுக்கும் எழுதினாள். அர்ப்பணிப்பு, உறவின் ஆழம், தேவ பிரசன்னம் என்று எட்டு வரி. பஞ்சாலை கீழே தன் பெயரைப் படம் வரைகிறாற்போல் வரைந்து கையெழுத்துப் போட்டாள்.

பன்னிரண்டு பாடமும் முடிந்ததும் தொண்ணூற்று நான்கு மதிப்பெண் வந்தது. ரோகினியின் புத்தகத்துக்குத் தொண்ணூற்று ஆறு.

பாஸ்டருக்கு மகிழ்ச்சி தாளவில்லை. ஞாயிறு சாட்சி நேரத்தில் பஞ்சாலையை முன்னால் அழைத்தார். "சிஸ்டரோட ஏழாம் பாடத்துப் பதில நான் வாசிக்கிறேன். அதுக்கப்புறம் அவங்க ரெண்டு வார்த்த பேசுவாங்க," என்றார். வாசித்தார். பஞ்சாலை முழுவதையும் கேட்டாள். மைக் கைக்கு வந்ததும், "நல்லா இருக்கு. ஆனா இது நான் சொன்னது இல்ல, பாஸ்டர். எம் மவ எழுதுனது," என்று சொல்லிவிட்டு மைக்கைத் திருப்பிக் கொடுத்து இறங்கிப்போய் உட்கார்ந்தாள்.

ரோகினி லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அந்த நேரம் டயர் கடையோடு சேர்ந்து மாடியே இடிந்து விழுந்தாலும் நன்றாக இருந்திருக்கும்.

அன்று வீட்டுக்குப் போனதும் அவள் அப்பா சன்னாசி விஷயத்தைக் கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் சபைக்கு வருவதில்லை. மனைவியை மோட்டாரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு எதிர்க்கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டு காத்திருப்பவர். "எழுதாதவ தொண்ணூத்தி நாலு. எழுதிக் குடுத்தவ மாட்டிக்கிட்டா. நல்ல குடும்பம்லா நம்மளுது," என்றார். யாரும் சிரிக்கவில்லை.

புத்தகம் செல்லாது என்று முடிவானது. மறுபடி பன்னிரண்டு பாடமும் செய்து முடிக்கும் வரை பஞ்சாலை மேடையில் நிற்கக் கூடாது.

இதைத்தான் பாஸ்டர் இப்போது மறுபடி பொறுமையாக எடுத்துச் சொன்னார். சொல்லிவிட்டு, "பொய் எழுதுனது சிஸ்டர் இல்ல. ஆனா புத்தகம் அவங்க பேர்ல இருக்கு. நான் ஒருத்தருக்கு வளைச்சா நாளைக்கு எல்லாரும் வளைப்பாங்க," என்றார்.

"பொய் எழுதுனது நானு. என்னைய லேப்டாப்ப விட்டு எழுப்பினீங்களா?"

அவர் மைலோக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"எழுப்ப மாட்டீங்க. ஏன்னா எனக்குப் பதிலா வேற ஆளு இல்ல. எங்கம்மாவுக்குப் பதிலா சொவரு இருக்கு."

"அப்புடிப் பேசாத, ரோகினி. அந்தச் சொவத்துல ஸ்லைடு போட்டது நீதான்."

"ஆமா, நான்தான். அதான் எனக்கு வயிறு எரியுது. பாஸ்டர், நீங்க முன்னால நின்னு கண்ண மூடிக்கிறீங்க. நான் பின்னால ஒக்காந்து பாக்குறேன். கடசி வரிசையில ஆறு பேரு. வள்ளியம்மா அத்த, பெரியக்கா, அவங்க எல்லாம். மூணு வாரமா வாயே தெறக்கல. தமிழும் படிக்கத் தெரியாது, ரோமனும் தெரியாது. வெளக்கு வெளிச்சத்தப் பாக்குற மாதிரி சொவத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்காங்க. அந்த ஒரு பாட்டுதான் அவங்க பாடுனது. அது போனதும் அவங்களுக்கு ஆராதனையே போச்சு."

"கேக்குறதும் ஆராதனதாம்மா."

"அப்ப நீங்களும் கேட்டுக்கிட்டே இருங்களேன். எதுக்கு மைக்கு?"

வாயிலிருந்து வந்துவிட்டது. பாஸ்டர் முகம் சற்றே கறுத்தது. ஆனாலும் குரல் ஏறவில்லை.

"ஒங்கம்மா என்ன சொல்றாங்க இதுக்கு?"

ரோகினி பதில் சொல்லத் தயங்கினாள். அம்மா சொன்னது அவளுக்கு உதவுகிற பதில் இல்லை. நேற்று மதியம் இதே சண்டையை அம்மாவோடு போட்டிருந்தாள்.

"கேட்டு வாங்கிப் பாடுனா அது பாட்டாடி?" என்றாள் பஞ்சாலை. "மேடைக்குக் கீழ ஒக்காந்து பாடுனா கர்த்தருக்குக் கேக்காதா?"

"கர்த்தருக்குக் கேக்கும். வள்ளியம்மா அத்தைக்குக் கேக்கலையே."

பஞ்சாலை சட்டியை எடுத்தாள். அழுத்தித் தேய்த்தாள். பிறகு திரும்பாமலே சொன்னாள். "வள்ளியம்மா கெடக்கட்டும். அஞ்சு வருஷமாப் பாக்குறேன், நீ ஒரு ஞாயித்துக்கெழம ஒரு வரி பாடி நான் பாத்ததில்ல. அடுத்த ஸ்லைடு எப்ப வரும்னே ஒக்காந்திருக்க."

"வேல பாக்குறேம்மா."

"வேலதான் பாக்குற. அதத்தான் சொல்றேன்."

இதையெல்லாம் பாஸ்டரிடம் சொல்ல முடியாது. "அவங்க ஒன்னும் சொல்லல," என்றாள்.

பாஸ்டர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "சரி. ஏழாவது பாடத்துக் கேள்விக்கு அவங்க உண்மையில என்னதாம்மா சொன்னாங்க?"

மூன்று வாரத்தில் இதை யாரும் கேட்கவில்லை. ரோகினி சொன்னாள். பள்ளத்துக் காடு, தொண்டையில் சிக்கிய வரி, வள்ளியம்மாவின் கேள்வி, வெங்காயம். நின்றுகொண்டே, கோபம் ஆறாமலே, ஒரு சொல் கூட்டாமல் சொன்னாள். சொல்லிமுடித்தபோது வெளியே டிரம் வாசிப்பவர் நான்கு தட்டுத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். இருபது வருடம் பிரசங்கம் செய்தவர். இதற்கு வசனம் எதையும் தேடவில்லை.

"இத அப்புடியே எழுதிக் குடும்மா," என்றார். "அப்புடியே. அடுத்த மாசம் குழு கூடுது. நான் முன்னால வைக்கிறேன். மத்த பாடத்தையும் ஒழுங்கா முடிச்சுட்டா, ஆறு மாசத்துல அவங்க மேடைக்கு வந்துடலாம்."

"இதுக்கு மார்க் போடுவீங்களா?"

"மொறன்னு ஒன்னு இருக்கில்ல?"

"பத்துக்கு எவ்ளோ போடுவாங்க? வெங்காயம் உரிச்சதுக்கு ரெண்டு, பிளாச்சானுக்கு ஒன்னா?"

"ரோகினி."

"அவங்க இன்னும் வளரணும்னு எந்தப் புத்தகம் பாஸ்டர் சொல்லுது? ஒரு வரி பாடறதுக்கு மூணு வாரம் தூக்கம் கெட்டவங்க அவங்க. நம்ம ஷாமினி ஒரு காலையில பதினாறு பாட்டுப் பாடிட்டு அதே நாள் மத்தியானம் அவங்கம்மாகூடச் சண்ட போடுது. பாடம் முடிச்சிடுச்சு. தொண்ணூத்தொன்னு."

ஷாமினி பாஸ்டரின் மகள். அவருக்குச் சிரிப்பு வரப் பார்த்தது, அடக்கிக்கொண்டார். "வேற ஒரு வழி இருக்கு," என்றார். "வருஷத்துல ஒரு நாள் தோட்டத்து ஞாயிறுன்னு வைப்போம். பழைய முறையில பாடலாம். எல்லாரும் பழைய மாதிரி உடுத்திக்கிட்டு வரட்டும். அன்னிக்கு ஒங்கம்மா எடுத்துக் குடுக்கட்டும். அதுக்கு யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க."

"தலையில துண்டு, இடுப்புல பழக்கூடையோட வரச் சொல்லவா? பிள்ளைங்க போட்டோ எடுத்துக்கும்."

"நல்லதுக்குத்தாம்மா சொன்னேன்."

"தெரியும் பாஸ்டர். அதான் கஷ்டம்."

அவர் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். எட்டு ஐம்பது. கூடத்தில் நாற்காலிகள் இழுபடும் ஓசை கேட்க ஆரம்பித்தது. அவருக்கு இப்போது உண்மையிலேயே ஒரு தீர்வு தோன்றியதுபோல் முகம் தெளிந்தது.

"நீ எடுத்துக் குடேன்," என்றார். "கடசி வரிசைக்குப் பாட்டு வேணும், அதானே ஒன்னோட கவல? ஒனக்குப் பாட்டெல்லாம் தெரியும். பாடமும் முடிச்சவ. மொத பாட்டுக்கு ஸ்லைட நிறுத்திடுவோம். நீ நின்னு வரி வரியாக் குடு. இன்னிக்கே குடு. நான் ஒன்னும் கேக்கல."

பார்த்தால் அவள் கேட்டதில் முக்கால்வாசி அது. வள்ளியம்மா அத்தை வாய் திறப்பார். அந்த ஆறு பேரும் பாடுவார்கள். பஞ்சாலையே சந்தோஷப்படுவாள். மறுக்க ஒரு காரணமும் இல்லை.

ரோகினி முதல் பாட்டை மனதுக்குள் எடுத்துப் பார்த்தாள். இருநூறு பாட்டையும் தட்டச்சு செய்தவள். எந்த வரி எந்த ஸ்லைடில் முடியும், எங்கே காற்புள்ளி, எல்லாம் தெரியும். முதல் வரி, 'உம்மையன்றி எனக்கு ஒன்றும் வேண்டாம்.' அதை நாற்பது பேர் வாயில் வைக்க வேண்டும். அவள் தேடிப்பார்த்தாள். அந்த வரிக்குப் பின்னால் வைக்கத் தன்னிடம் எட்டு வரி நல்ல தமிழைத் தவிர வேறு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. பட்டம் வேண்டும் என்று இருந்திருக்கிறாள். அம்மாவைப் பார்த்துக் கோட்டுக்காரர் சிரிக்கக் கூடாது என்று இருந்திருக்கிறாள். பாஸ்டரிடம் ஜெயிக்க வேண்டும் என்று இந்த நிமிடம்வரை இருக்கிறாள். இதையெல்லாம் யாரும் தப்பென்று சொல்ல முடியாது. ஆனால் அந்த வரியை அவளால் கொடுக்க முடியாது. இதுவரை அவள் பாடாமல் தப்பித்துக்கொண்டிருந்ததால் அது தொண்டையில் சிக்கியதே இல்லை.

கோபம் போகவில்லை. திசை மட்டும் மாறியது.

தோள்பையைத் திறந்து ஒரு புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தாள். அவளுடைய வளர்ச்சிப் பாடம். வெள்ளிக்கிழமை சிரம்பானிலிருந்து வரும் ரயிலில் அதைப் புரட்டி, ஏழாம் பாடத்துக் கேள்விக்கான பதிலை ஒரு தடவை வாசித்துவிட்டு, அம்மா பெயரில் இருந்தால் பொய், தன் பெயரில் இருந்தால் மட்டும் எப்படி மெய் என்று யோசித்துக்கொண்டே பையில் போட்டிருந்தாள். எப்போது முடிவு செய்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. புத்தகம் கையில் வந்தபோது முடிவு ஏற்கெனவே ஆகியிருந்தது.

"இதுவும் செல்லாது, பாஸ்டர்."

"என்னம்மா இது?"

"ஏழாவது பாடத்துக் கேள்விக்கு ரெண்டு புத்தகத்துலயும் ஒரே பதில். அம்மா சொன்னது இல்லன்னு அம்மா சொல்லிட்டாங்க. எனக்கும் அப்புடி ஒன்னும் நடக்கல. வலைத்தளத்துல பாத்து எழுதுனேன். ஆராதனையில நான் ஒரு நாளும் ஒன்னும் செஞ்சதில்ல, பட்டன அமுக்குனதத் தவிர. பாடம் முடிக்காதவங்க மேடையில இருக்கக் கூடாதுன்னா, லேப்டாப்பும் மேடைதான்."

"இது கோவத்துல எடுக்குற முடிவு."

"கோவம்தான். கோவத்துல சொன்னாலும் உண்ம உண்மதானே?"

"இன்னும் பத்து நிமிஷத்துல ஆராதன. யாரு ஸ்லைடு போடுவா?"

"எல்லாப் பாட்டும் ஒரே ஃபோல்டர்ல இருக்கு. பாஸ்வேர்டு மூடிக்கு மேல ஒட்டியிருக்கு. யாரு வேணும்னாலும் போடலாம். இல்ல, போடாமலும் இருக்கலாம். அது ஒங்க இஷ்டம்."

பாஸ்டர் எழுந்தார். "அப்ப நீ சபைய விட்டுப் போறியா?"

"இல்ல. கடசி வரிசையில ஏழாவது நாற்காலி போடறேன். அங்கேர்ந்து ஆரம்பிக்கிறேன். அம்மாவுக்குப் பாட்டு வேணும்னு நான் கேட்டது கேட்டதுதான், அதுல மாத்தமில்ல. அடுத்த வாரமும் வந்து கேப்பேன். அதுக்கடுத்த வாரமும் கேப்பேன்."

"ஒங்கம்மா வேணாங்குறாங்கன்னு தெரியுது எனக்கு."

"அது எனக்கும் அவங்களுக்கும், பாஸ்டர். அத நான் பாத்துக்கறேன்."

அவர் புத்தகத்தை எடுத்து அவள் பக்கம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. பலகைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். கூடத்தில் பாதி நாற்காலிகள் நிரம்பியிருந்தன. கீபோர்டில் உட்கார்ந்திருந்த ஷாமினி அவளைப் பார்த்ததும் கையை ஆட்டினாள்.

"அக்கா, மொத ஸ்லைடு போடுங்கலா, லேட்டாச்சு."

"இன்னிக்கு நான் இல்ல, ஷாமினி. ஒங்கப்பாகிட்ட கேளு," என்று சொல்லிவிட்டு ரோகினி லேப்டாப் மேசையைத் தாண்டிக் கடைசி வரிசைக்கு நடந்தாள்.